மாம்பழத்துக்கு வணக்கம் வைத்தவர்கள்: அது நேசமா, பயமா?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1966 முதல் 1976 வரை நடந்த கலாச்சாரப் புரட்சிக் காலத்தில் சீனாவில் கோடிக்கணக்கான பேர் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் மாவோவின் படத்துக்கு முன்னால் நின்று அழுதார்கள், ஆடினார்கள், பெற்ற தாயைக்கூடக் காட்டிக்கொடுத்தார்கள். இவர்கள் நிஜமாகவே அவரை நேசித்தார்களா, உயிருக்குப் பயந்து நடித்தார்களா? சாதாரண ஜனங்களை விடுங்கள், போரில் குண்டுக்கு நடுவே நின்ற தளபதிகளும் உலகம் சுற்றிப் படித்த தலைவர்களும் ஏன் வாயைத் திறக்கவில்லை?

நேசமா பயமா என்று இரண்டாகப் பிரித்துக் கேட்கும்போதே பதில் கைநழுவிப் போகிறது என்பது என் அபிப்பிராயம். ஒரே ஆளுக்குள் இரண்டும் இருந்தன, எது எங்கே முடிந்து எது எங்கே தொடங்கியது என்று அவனுக்கே தெரிந்திருக்காது. தவிர, உன் மனதுக்குள் என்ன இருக்கிறது என்று அந்த ஆட்சி கேட்டுக்கொண்டிருக்கவில்லை. பக்கத்தில் நிற்பவனைவிட நீ ஒரு விரற்கடையாவது கூடுதலாக விசுவாசம் காட்டுகிறாயா என்றுதான் பார்த்தது. பக்கத்து ஆளும் உன்னைப் பார்த்து அதே கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தான். இந்தப் போட்டிக்கு மேல்வரம்பு கிடையாது, வினையெல்லாம் அங்கேதான் வந்தது. இதைச் சொல்ல ஒரு கூடை மாம்பழத்திலிருந்து தொடங்குவது எனக்குச் சௌகரியம்.

1966-ல் மாவோ பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளைத் தன் சொந்தக் கட்சியின் மேலேயே ஏவிவிட்டார். அவர்களுக்குச் செங்காவலர்கள் என்று பெயர். அந்த ஆண்டு ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை தியானன்மென் சதுக்கத்தில் எட்டு முறை தரிசனம் கொடுத்தார். ஒரு கோடிப் பேருக்கு மேல் வந்து, பார்த்து, கத்தித் தொண்டை கட்டி, அழுதுவிட்டு ஊர் திரும்பினார்கள். இரண்டே வருஷத்தில் அதே பிள்ளைகள் கோஷ்டி கோஷ்டியாகப் பிரிந்து, மாவோவுக்கு உண்மையான விசுவாசி யார் என்ற சண்டையில் ஒருவரையொருவர் ஈட்டியாலும் கையெறி குண்டாலும் கொன்றுகொண்டிருந்தார்கள். இரண்டு தரப்பும் அவர் பெயரைச் சொல்லித்தான் அடித்துக்கொண்டது. 1968 ஜூலை 27 அன்று பெய்ஜிங்கின் சிங்ஹுவா பல்கலைக்கழகத்தில் சண்டையை நிறுத்த முப்பதாயிரம் தொழிலாளர்களை ஆயுதமில்லாமல் அனுப்பினார் மாவோ. உள்ளே இருந்த மாணவர்கள் தாக்கியதில் ஐந்து தொழிலாளர்கள் செத்தார்கள், நூற்றுக்கணக்கானவர்களுக்குக் காயம்.

அடுத்த வாரம் பாகிஸ்தான் வெளியுறவு அமைச்சர் மியான் அர்ஷத் உசேன் பெய்ஜிங் வந்தார். மரியாதைக்கு ஒரு கூடை மாம்பழம் கொடுத்தார், நாற்பது பழம் இருக்கும். மாவோ அதைச் சாப்பிடவில்லை. ஆகஸ்ட் 5 அன்று அப்படியே அந்தத் தொழிலாளர்களுக்கு அனுப்பிவைத்தார். வேறு ஒரு வார்த்தை சொல்லவில்லை, சொல்லவும் தேவையிருக்கவில்லை. மாணவர்களைக் கைவிட்டாயிற்று, இனிமேல் தொழிலாளர்கள் பக்கம் என்பதை எல்லோரும் புரிந்துகொண்டார்கள். டிசம்பரில் உத்தரவு வந்தது, படித்த இளைஞர்கள் கிராமத்துக்குப் போய் விவசாயிகளிடம் பாடம் கற்க வேண்டும் என்று. இந்த ஏற்பாட்டில் மொத்தம் ஒன்றரைக் கோடிப் பேருக்கு மேல் மூட்டை கட்டினார்கள். சதுக்கத்தில் அழுத அதே பிள்ளைகள்தான்.

சரி, பழங்களுக்கு என்ன ஆனது? வட சீனாவில் அப்போது மாம்பழத்தைக் கண்ணால் பார்த்தவர்களே அபூர்வம். (மாங்காய் என்ற நம் பக்கத்துச் சொல்தான் மலாய், போர்த்துகீசியம் என்று ஊர் சுற்றிவிட்டுச் சீனத்தில் 'மாங்குவோ' ஆகியிருக்கிறது. ஆனால் பழம் அங்கே வடக்கே போய்ச் சேரவில்லை.) பெய்ஜிங்கின் முக்கியத் தொழிற்சாலைகளுக்கு ஆலைக்கு ஒரு பழம் என்று பிரித்துக் கொடுத்தார்கள். ஒரு நெசவு ஆலையில் பழத்துக்கு மெழுகு பூசி, அரங்கில் மேடை போட்டு வைத்து, தொழிலாளர்கள் வரிசையில் வந்து ஒவ்வொருவராக வணங்கிவிட்டுப் போனார்கள். பழம் பழம்தானே, சில நாளில் அழுக ஆரம்பித்தது. உடனே மெழுகை எடுத்து, தோலைச் சீவி, சதையைப் பெரிய பாத்திரத்தில் தண்ணீர் விட்டுக் கொதிக்கவைத்தார்கள். மறுபடி வரிசை. ஆளுக்கு ஒரு கரண்டி மாம்பழத் தண்ணீர். இதை எழுதியிருப்பவர் மாவோவின் சொந்த மருத்துவர் லி ஷிசுய். மாவோவிடம் போய்ச் சொன்னபோது அவர் சிரித்தாராம்.

இன்னொரு இடத்தில் பழத்தை ஃபார்மலினில் போட்டு வைத்தார்கள். அப்புறம் மெழுகிலேயே மாம்பழம் செய்து, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துத் தொழிலாளர்களுக்குக் கொடுத்தார்கள். அதை இரண்டு கையாலும் நெஞ்சுக்கு நேரே ஏந்திப் பிடிக்க வேண்டும், அலட்சியமாக ஒரு கையில் தூக்கிக்கொண்டு போகக் கூடாது. அந்த வருஷ அக்டோபர் 1 அணிவகுப்பில் மாம்பழத்துக்குத் தனி ரதம். பீங்கான் குவளையில் மாம்பழம், போர்வையில் மாம்பழம், மாம்பழம் என்ற பெயரிலேயே ஒரு சிகரெட். சிச்சுவானில் ஒரு சின்ன ஊருக்கு இந்தக் கண்ணாடிப் பெட்டி ஊர்வலமாக வந்தபோது அங்கிருந்த பல் மருத்துவர் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, இது சர்க்கரைவள்ளிக் கிழங்கு மாதிரி அல்லவா இருக்கிறது என்று சொல்லிவிட்டார். அவரைச் சுட்டுக் கொன்றார்கள்.

முதல் முறை படித்தபோது நானும் சிரித்தேன். சீசன் வந்தால் கொட்டையைச் சப்பிவிட்டுக் கொல்லையில் எறிகிற ஜாதி நாம். ஆனால் அந்தக் கரண்டித் தண்ணீர் வரிசையில் நிற்கும் ஒரு ஆளாக உங்களை வைத்துப் பாருங்கள். உங்களுக்கு முன்னால் இருந்தவர் குனிந்து வணங்கிவிட்டுக் கண்ணில் நீர் தளும்பக் குடிக்கிறார். அவருக்கு உண்மையிலேயே அழுகை வந்ததா, வரவழைத்துக்கொண்டாரா என்பது உங்களுக்குத் தெரியாது, தெரிந்து ஆகப்போவதும் ஒன்றுமில்லை. உங்கள் முறை வரும்போது அவரைவிடக் குறைவாகக் குனிந்தால் அது கண்ணில் படும். அதனால் அதே அளவு குனிகிறீர்கள், கொஞ்சம் கூடவே. உங்களுக்குப் பின்னால் நிற்பவர் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இதில் யாரும் யாரையும் துப்பாக்கி காட்டி மிரட்டவில்லை. வரிசையில் நிற்கும் ஒவ்வொருவரும் மற்றவர்களுக்குக் காவலாளியாகவும் கைதியாகவும் இருந்தார்கள். இன்னொன்றும் உண்டு. தினமும் அழுகிறவனுக்கு ஒரு கட்டத்தில் அழுகை நிஜமாகவே வர ஆரம்பித்துவிடும். அதனால்தான் அந்தத் தலைமுறை ஆட்களிடம் இப்போது கேட்டாலும், நடித்தேன் என்று சொல்பவர்கள் குறைவு. நம்பினேன் என்றுதான் நிறைய பேர் சொல்கிறார்கள், அவர்கள் பொய் சொல்வதாக எனக்குத் தோன்றவில்லை.

விசுவாசம் என்பதற்குச் சீனத்தில் 'ஜோங்' என்று ஓர் எழுத்து. மேலே 'நடு', கீழே 'இதயம்'. இதயம் நடுவில் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளலாம். 1967, 68 வாக்கில் அந்த எழுத்து இல்லாத சுவர் இல்லை. காலையில் எழுந்ததும் வீட்டிலும் ஆலையிலும் மாவோ படத்துக்கு முன், அவர் வாசகங்களைத் தொகுத்த சிவப்புப் புத்தகத்தை நெஞ்சில் வைத்து நின்று, தலைவர் பல்லாண்டு வாழ்க என்று மூன்று முறை, துணைத்தலைவர் லின் பியாவ் என்றென்றும் நலமாக இருக்க என்று மூன்று முறை சொல்லி, இன்றைக்கு என்ன செய்ய வேண்டும் என்று 'உத்தரவு கேட்க' வேண்டும். இரவு படுக்கும் முன் அதே படத்திடம் 'அறிக்கை கொடுக்க' வேண்டும். கடைக்குப் போனால் 'மக்களுக்குச் சேவை செய்' என்று மாவோ வாசகம் ஒன்றைச் சொல்லிவிட்டுத்தான் கால் கிலோ உப்பு கேட்க முடியும், கடைக்காரர் பதிலுக்கு வேறொரு வாசகத்தைச் சொல்லிவிட்டுத்தான் எடைக்கல்லைத் தூக்குவார். தொலைபேசியிலும் அதே கதை. 'விசுவாச நடனம்' என்று ஒன்று வந்தது, கையை நெஞ்சிலிருந்து வானத்தைப் பார்த்து நீட்டி ஆட வேண்டும். நடக்கவே சிரமப்படும் கிழவிகளும் ஆடினார்கள், சில ஊர்களில் ரயில் ஏறுவதற்கு முன் பயணிகளையும் ஆட விட்டார்கள். மாவோ படம் போட்ட சட்டை பேட்ஜ் பல நூறு கோடி அடித்தார்கள். எவ்வளவு அலுமினியம் போயிருக்கும் என்று கணக்குப் பார்த்த மாவோவே 1969-ல், எனக்கு என் விமானங்களைத் திருப்பிக் கொடுங்கள் என்று எரிந்துவிழுந்தார்.

இது தானாக முளைத்த பக்தி என்று நினைத்துவிடாதீர்கள். 1956-ல் சோவியத் தலைவர் குருசேவ் செத்துப்போன ஸ்டாலினைக் கிழித்துத் தொங்கவிட்டபோது மாவோவுக்குத் தூக்கம் கெட்டது. அதே வருஷம் நடந்த கட்சி மாநாட்டில் 'மாவோ சிந்தனை' என்ற சொல்லையே கட்சி விதிகளிலிருந்து எடுத்துவிட்டார்கள். எடுக்கலாம் என்று சொன்னவர் பெங் தெஹ்வாய், ஆமோதித்தவர் லியு ஷாவ்சி. இந்த இரண்டு பெயரையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். 1958 மார்ச்சில் செங்டு நகரில் நடந்த கூட்டத்தில் மாவோ, தனிநபர் வழிபாட்டில் இரண்டு வகை உண்டு, சரியானது ஒன்று, தவறானது ஒன்று என்றார். அந்தக் காலகட்டத்தில் ஷாங்காய் கட்சித் தலைவர் கே சிங்ஷி சொன்னதுதான் உச்சம்: தலைவரை மூடநம்பிக்கை அளவுக்கு நம்ப வேண்டும், கண்மூடித்தனமான அளவுக்குக் கீழ்ப்படிய வேண்டும். இதை ஓர் எதிரி கிண்டலாகச் சொல்லவில்லை. மேடையில் பாராட்டாகச் சொன்னது. 1965 ஜனவரியில் அமெரிக்கப் பத்திரிகையாளர் எட்கர் ஸ்னோவிடம் பேசும்போது மாவோ, குருசேவ் பதவி இழந்ததற்கு அவருக்கென்று வழிபாடு எதுவும் இல்லாததுதான் காரணமோ என்னவோ என்று சொன்னார். மனிதர் விஷயம் தெரிந்துதான் செய்தார்.

இந்தக் கீழ்ப்படிதலுக்கு விலை என்ன என்று பார்க்க வேண்டுமானால் வயலுக்குப் போக வேண்டும். 1958 ஆகஸ்ட் 13 அன்று கட்சி நாளிதழில் ஒரு செய்தி. ஹூபே மாகாணம் மாசெங்கில் ஒரு 'மூ' நிலத்தில் 36,900 'ஜின்' நெல் விளைந்திருக்கிறதாம். கூடவே ஒரு புகைப்படம், விளைந்த கதிர்களின் மேலே குழந்தைகள் நிற்கிறார்கள், கதிர் அவ்வளவு நெருக்கம். ஜின் என்பது அரைக் கிலோ, மூ என்பது ஏக்கரில் ஆறில் ஒரு பங்கு. கணக்குப் போட்டுப் பாருங்கள், ஏக்கருக்கு 110 டன்னுக்கு மேல் வருகிறது. இன்றைக்கு நல்ல விதை, உரம், மோட்டார் எல்லாம் இருந்தும் தஞ்சாவூர்ப் பக்கம் ஏக்கருக்கு இரண்டரை டன் எடுத்தாலே நல்ல மகசூல் என்பார்கள். மாசெங்கில் நடந்தது என்னவென்றால், சுற்றியிருந்த வயல்களில் முற்றிய பயிரையெல்லாம் பிடுங்கிக் கொண்டுவந்து ஒரே வயலில் நெருக்கி நட்டுவிட்டுப் படம் எடுத்தார்கள்.

விவசாயக் குடும்பத்தில் பிறந்த மாவோவுக்கு இது தெரியாதா? அதே மாதத் தொடக்கத்தில் அவர் ஷூஷுய் என்ற வட்டத்துக்குப் போனபோது இவ்வளவு தானியத்தை எப்படிச் சாப்பிட்டுத் தீர்ப்பீர்கள், ஒரு நாளைக்கு ஐந்து வேளை சாப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தார். கீழே இருப்பவன் தலைவர் கேட்க விரும்பும் எண்ணைச் சொல்கிறான். பக்கத்து வட்டத்துச் செயலாளர் அதைவிடப் பெரிய எண்ணைச் சொல்லாவிட்டால் அவர் விசுவாசத்தில் குறை. மாகாணம் அதைக் கூட்டி மேலே அனுப்புகிறது. மேலே இருந்து கொள்முதல் அளவு அந்தப் பொய் எண்ணை வைத்து நிர்ணயமாகி இறங்கி வருகிறது. இல்லாத நெல்லுக்கு அரசாங்கப் பங்கு கேட்டு அதிகாரிகள் வீட்டுக்குள் புகுந்து விதைநெல்லையும் அள்ளிப்போனார்கள். கொடுக்க முடியாதவன் ஒளித்துவைத்திருக்கிறான் என்று அடி. ஹெனான் மாகாணம் சின்யாங் பகுதியில் மட்டும் பத்து லட்சம் பேர் பட்டினியில் செத்தார்கள். நாடு முழுக்க 1959 முதல் 61 வரை செத்தவர்கள் எத்தனை என்பதில் ஆய்வாளர்களுக்குள் தகராறு உண்டு. குறைந்த கணக்கு ஒன்றரைக் கோடி, நிறைய பேர் மூன்று கோடி என்கிறார்கள், அதற்கு மேலே போகிறவர்களும் இருக்கிறார்கள்.

ஒருத்தர் சொன்னார். கொரியப் போரில் சீனப் படைக்குத் தலைமை தாங்கிய பாதுகாப்பு அமைச்சர் பெங் தெஹ்வாய், மாவோவின் ஊர்ப்பக்கத்துக்காரர், பழைய பழக்கத்தில் அவரிடம் முகத்துக்கு நேரே பேசக்கூடியவர். 1959 ஜூலை 14 அன்று லூஷான் மலையில் கட்சிக் கூட்டத்தின்போது மாவோவுக்கு மட்டும் ஒரு கடிதம் எழுதினார். மரியாதையான கடிதம்தான், சாதனைகளை எல்லாம் பாராட்டிவிட்டு அப்புறம் தவறுகளைச் சொல்லும் கடிதம். மாவோ அதை அச்சடித்து எல்லோருக்கும் விநியோகித்தார், 23-ம் தேதி எழுந்து பெங்கைக் கிழித்தெடுத்தார். அந்த மண்டபத்தில் இருந்த பலருக்கும் பெங் சொல்வது உண்மை என்று தெரியும், அவர்களே கிராமங்களுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர்கள். ஒவ்வொருவராக எழுந்து பெங்கைத் திட்டினார்கள். லியு ஷாவ்சியும் திட்டினார். பெங் பதவி போனது, அந்த இடத்துக்கு லின் பியாவ் வந்தார். பஞ்சம் இன்னும் இரண்டு வருஷம் நீடித்தது. என்னைக் கேட்டால் மொத்தக் கதையிலும் மோசமான இடம் இதுதான். நெல் மூட்டையை இறக்கிக் கொடுக்க வாய்ப்பு இருந்த நேரத்தில், யார் விசுவாசி என்று நிரூபிப்பதில் கூட்டம் முடிந்துபோனது.

1962 தொடக்கத்தில் ஏழாயிரம் அதிகாரிகளைக் கூட்டி நடந்த மாநாட்டில் லியு ஷாவ்சி ஒருவழியாக வாய் திறந்து, இந்தப் பஞ்சத்தில் மூன்று பங்கு இயற்கை, ஏழு பங்கு மனிதர் செய்தது என்று சொன்னார். லின் பியாவ் எழுந்து, கஷ்டம் வந்ததே தலைவர் சொன்னபடி நாம் நடக்காததால்தான் என்றார். இரண்டு பேச்சையும் மாவோ கேட்டுக்கொண்டிருந்தார்.

இந்த லியு ஷாவ்சி யார் தெரியுமா? 1945-ல் 'மாவோ சிந்தனை' என்பதைக் கட்சி விதிகளில் ஏற்றிய அறிக்கையைப் படித்தவர். அந்த ஒரு அறிக்கையில் மட்டும் நூறு முறைக்கு மேல் மாவோ பெயரைச் சொன்னவர். 1959 முதல் நாட்டின் குடியரசுத் தலைவர். 1967-ல் அவரை வீட்டு முற்றத்தில் நிறுத்தி அடித்தபோது அரசியல் சட்டப் புத்தகத்தை எடுத்துக் காட்டி, நான் இந்த நாட்டின் தலைவர், என் உரிமைக்கு யார் பாதுகாப்பு என்று கேட்டார். லூஷானில் பெங்குக்காக அந்தப் புத்தகத்தை அவர் எடுத்திருக்கவில்லை.

1968 அக்டோபரில் அவரைக் கட்சியை விட்டே நீக்க மத்தியக் குழு கூடியது. 97 முழு உறுப்பினர்கள் இருக்க வேண்டிய குழு, பாதிக்கு மேல் சிறையிலோ விசாரணையிலோ சாவிலோ இருந்தார்கள், வந்தவர்கள் 40 பேர். எண்ணிக்கை பாதியைத் தாண்டவில்லை என்பதால் மாற்று உறுப்பினர்கள் 10 பேரை அங்கேயே முழு உறுப்பினர்களாக்கிக் கூட்டத்தைச் செல்லுபடியாக்கினார்கள். லியு 'துரோகி, ஒற்றன், தொழிலாளர் விரோதி' என்று தீர்மானம். எல்லோரும் கை தூக்கினார்கள். சென் ஷாவ்மின் என்ற பெண்மணி மட்டும் மேஜையில் தலை சாய்த்துக் குனிந்தபடி இருந்துவிட்டார், கை மேலே போகவில்லை. கெரில்லாப் படை நடத்திய பழைய ஆள், அப்போது உடம்பு சரியில்லாதவர். ஏன் தூக்கவில்லை என்று பிறகு கேட்டதற்கு, அது என் உரிமை என்றாராம். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது என்றுதான் அறிவித்தார்கள். லியு அடுத்த ஆண்டு நவம்பர் 12 அன்று காய்ஃபெங் நகரில் ஓர் அறையில், நிமோனியாவில் செத்தார். எரியூட்டும் பதிவில் பொய்ப்பெயர், தொழில் என்ற இடத்தில் 'வேலையில்லாதவர்'.

அந்தத் தீர்மானத்துக்குக் கை தூக்கியவர்களில் பிரதமர் சூ என்லாயும் ஒருவர். படித்த ஆட்கள் ஏன் பேசவில்லை என்று தொடக்கத்தில் கேட்டோமே, அதற்கு இவரைத்தான் பார்க்க வேண்டும். ஐரோப்பாவில் வாழ்ந்தவர், நாகரிகமானவர், நிறைய பேரைக் காப்பாற்றியவர் என்று இன்றும் சீனாவில் கண்ணீர் விடுவார்கள். காப்பாற்றினார்தான். காப்பாற்றும் இடத்தில் தான் நீடிக்க வேண்டும் என்பதற்காகக் கேட்ட இடத்திலெல்லாம் கையெழுத்தும் போட்டார். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் மாவோவுக்குப் பிரதமராக இருந்த அந்த மனிதரை 1975 செப்டம்பர் 20 அன்று புற்றுநோய்க்காக அறுவை சிகிச்சைக்குத் தள்ளுவண்டியில் கொண்டுபோனார்கள். போகும் வழியில் நிறுத்தச் சொல்லி, ஒரு காகிதத்தைக் கேட்டு வாங்கிக் கை நடுங்கக் கையெழுத்துப் போட்டார். 1932-ல் ஷாங்காய் பத்திரிகைகளில் அவருடைய ரகசியப் பெயரில், கட்சியை விட்டு விலகுகிறேன் என்று எதிரிகள் போட்ட ஒரு போலி அறிவிப்பு பற்றிய விளக்கம் அது. நாற்பத்து மூன்று வருஷத்துக்கு முந்தைய விஷயம்! அதன்பின் கதவு மூடும் நேரத்தில், நான் கட்சிக்கு விசுவாசமானவன், மக்களுக்கு விசுவாசமானவன், சரணடைந்தவன் இல்லை என்று சத்தமாகக் கத்தினார். அடுத்த ஜனவரியில் இறந்தார். மயக்கமருந்து கொடுக்கப்போகும் நேரத்திலும் கணக்கு நேராகவில்லை அவருக்கு.

ஹிட்லர் ஜெர்மனியோடு ஒப்பிடச் சிலர் கேட்பார்கள், ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். அங்கே 1934 ஆகஸ்ட் 2 அன்று, ஜனாதிபதி கிழவர் ஹிண்டன்பர்க் இறந்த அதே நாளில், ராணுவம் முழுவதையும் அடால்ஃப் ஹிட்லர் என்று பெயர் சொல்லி, நிபந்தனையில்லாமல் கீழ்ப்படிவேன் என்று கடவுள் சாட்சியாகச் சத்தியம் செய்யவைத்தார்கள். பத்து வருஷம் கழித்து அவரைக் கொல்ல ஆட்கள் திட்டம் போட்டபோது பல ஜெனரல்கள், நான் சத்தியம் செய்துவிட்டேனே என்று பின்வாங்கினார்கள். சௌகரியமான சாக்கு என்றும் சொல்லலாம். எப்படியிருந்தாலும் அது ஒருமுறை செய்யும் சத்தியம், வாசகம் இன்னது என்று இருந்தது. மாவோவின் சீனாவில் நேற்று காட்டிய விசுவாசம் இன்றைக்குச் செல்லாது, வாசகமும் மாறிக்கொண்டே இருக்கும். நேற்று லியு ஷாவ்சியின் புத்தகத்தைப் படிப்பது விசுவாசம், இன்று அதை வீட்டில் வைத்திருப்பது குற்றம்.

வீட்டுக்குள் இது எப்படி நுழைந்தது என்பதற்கு அன்ஹுய் மாகாணத்தில் நடந்த ஒன்று. பெயர் வேண்டாம். பதினாறு வயதுப் பையன், கலாச்சாரப் புரட்சி வந்ததும் தன் பெயரையே 'செங்காவலன்' என்று பொருள்படும்படி மாற்றிக்கொண்டவன். 1970 பிப்ரவரியில் ஒரு ராத்திரி வீட்டில் பேச்சு வளர்ந்தது. அம்மா, லியு ஷாவ்சிக்கு அநியாயம் நடந்திருக்கிறது, ஊரெங்கும் இவர் சிலையும் படமும் எதற்கு என்று சொல்லிவிட்டார். சொன்னதோடு நிற்காமல் வீட்டிலிருந்த மாவோ படத்தை எடுத்து எரித்தும் விட்டார். பையனும் அவன் அப்பாவும் போய்ப் புகார் கொடுத்தார்கள். சுட்டுக்கொல்ல வேண்டும் என்று பையனே எழுதிக் கொடுத்தான். ஏப்ரல் 11 அன்று சுட்டுவிட்டார்கள். 1980-ல் நீதிமன்றம் அந்தத் தண்டனை தவறு என்று ரத்து செய்தது. அந்தப் பையன் பின்னாளில் வழக்கறிஞர் ஆகி, அம்மாவின் கல்லறையைக் காப்பாற்ற வழக்கு நடத்தி, 2013-ல் பொதுவில் மன்னிப்புக் கேட்டார். அன்றைக்கு அவர் பயந்து செய்ததாகச் சொல்லவில்லை. அம்மா பேசிக்கொண்டிருந்தபோது தன் கண்ணுக்கு அவர் பூதமாகத் தெரிந்தார் என்கிற மாதிரிச் சொன்னார்.

எல்லோரும் அடிபணிந்தார்கள் என்றும் இல்லை. லியாவ்னிங் மாகாணக் கட்சி அலுவலகத்தில் வேலை பார்த்த ஜாங் ஷிசின், கட்சியை ஏற்றுக்கொள்கிறேன், இந்தத் தனிநபர் வழிபாட்டை ஏற்க மாட்டேன் என்று நின்றார். 1969-ல் கைது. ஆறு வருஷம் சிறையில் என்னென்னவோ செய்தும் வாக்குமூலத்தை மாற்றவில்லை. 1975 ஏப்ரல் 4 அன்று சுடக் கூட்டிப்போகும் முன் மூச்சுக்குழாயை அறுத்தார்கள், கடைசி நேரத்தில் ஏதாவது கோஷம் போட்டுவிடக் கூடாது என்று. துப்பாக்கி வைத்திருந்தவர்களுக்கு ஒரு பெண்ணின் குரல் அவ்வளவு தொந்தரவாக இருந்திருக்கிறது.

கடைசியாக லின் பியாவ். சிவப்புப் புத்தகத்தை ராணுவத்தில் ஆரம்பித்து நாட்டுக்கே கொடுத்தவர், அதன் முன்னுரை அவர் பெயரில்தான் இருந்தது. தலைவரின் உத்தரவு புரிந்தால் நிறைவேற்று, புரியாவிட்டாலும் நிறைவேற்று, நிறைவேற்றும்போது புரியும் என்று சூத்திரம் போட்டவர். பொதுவெளியில் எப்போது வந்தாலும் கையில் அந்தப் புத்தகம், மாவோவுக்கு ஓரடி பின்னால் நிற்பார். 1969 ஏப்ரலில் கட்சி விதிகளிலேயே 'மாவோவின் நெருங்கிய தோழர், வாரிசு' என்று அவர் பெயரை எழுதிவிட்டார்கள். விசுவாசப் போட்டியில் முதல் பரிசு என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் இடத்தில் நிற்பவனைப் பார்த்துத்தான் தலைவருக்குச் சந்தேகம் வரும், அது ஒன்றரை வருஷத்தில் வந்தது. 1971 செப்டம்பர் 13 அதிகாலை, லின், அவர் மனைவி, மகன் உட்பட ஒன்பது பேர் ஏறித் தப்பியோடிய ட்ரைடென்ட் விமானம் மங்கோலியாவில் உண்டுர்கான் அருகே விழுந்து எரிந்தது.

மக்களுக்கு மெதுவாகத்தான் சொன்னார்கள். ஆதாரம் என்று லின்னின் மகனும் அவன் கூட்டாளிகளும் தயாரித்ததாக ஒரு சதித்திட்ட ஆவணத்தைக் கட்சிக் கூட்டங்களில் படிக்கவைத்தார்கள். அதில் மாவோவை இந்தக் காலத்துச் சின் பேரரசன் (கொடுங்கோலன் என்று பெயரெடுத்த பழங்கால மன்னன்) என்றும், இன்று அவர் விருந்தில் உட்கார்ந்திருப்பவன் நாளை அவர் சிறையில் கைதி என்றும் எழுதியிருந்தது. எதிரியின் அயோக்கியத்தனத்தைக் காட்டத்தான் படித்தார்கள். கிராமங்களில் சேற்றில் நின்றுகொண்டிருந்த முன்னாள் செங்காவலர்கள் பலர், அட, இதில் என்ன தப்பு இருக்கிறது என்று அப்போதுதான் முதல்முறை யோசித்ததாகப் பின்னால் எழுதியிருக்கிறார்கள்.

அப்புறம் ஓர் உத்தரவு வந்தது, சிவப்புப் புத்தகத்தில் லின் பியாவ் முன்னுரை உள்ள பக்கங்களைக் கிழித்துவிட வேண்டும் என்று. நூறு கோடிப் பிரதிகளுக்கு மேல் அச்சடித்திருந்த புத்தகம். ஒவ்வொரு வீட்டிலும் உட்கார்ந்து, பிளாஸ்டிக் அட்டையைத் திறந்து, நேற்றுவரை மனப்பாடம் செய்த பக்கங்களை ஓரமாகப் பிடித்துக் கிழித்தார்கள். பெய்ஜிங்கின் பான்ஜியாயுவான் பழைய பொருள் சந்தையில் இன்றும் அந்தப் புத்தகங்கள் குவிந்து கிடக்கின்றன. விவரம் தெரிந்தவர்கள் வாங்கும்போது முதலில் அட்டையைப் பிரித்து அந்தப் பக்கங்கள் இருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். கிழிக்காத பிரதிக்கு விலை அதிகம்.